பயணக் கேள்வி பதில்: கோடையில் ஹோய் ஆன் போகலாமா?

மத்திய வியட்நாமில் உள்ள ஹோய் ஆன் என்ற பழைய துறைமுக ஊரைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். திருப்பூர் பனியன் கம்பெனி வேலையாக டா நாங் நகரத்தில் சில வருடங்கள் இருந்தவள் நான். அங்கிருந்து ஹோய் ஆன் 30 கிலோமீட்டர்தான். ஞாயிற்றுக்கிழமை என்றால் கால் தானாக அந்தப் பக்கம் திரும்பிவிடும். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை வெயிலைப் பற்றியே கேட்பதால், இந்த முறை அதையே பேசுவோம்.

கும்பகோணம் வாசகி: அக்கா, மகளுக்குப் பள்ளி விடுமுறை மே மாதம்தான். மே கடைசியில் நான், கணவர், 12 வயது மகள், 68 வயது மாமியார் எல்லோரும் ஹோய் ஆன் போக நினைக்கிறோம். “அப்போது வெயில் கொல்லும், டிசம்பரில் போங்கள்” என்கிறார் டிராவல் ஏஜென்ட். “அக்கினி நட்சத்திரம் பார்த்த நமக்கு அது ஒரு வெயிலா?” என்கிறார் கணவர். யார் பேச்சைக் கேட்பது?

முதலில் டிசம்பரைத் தள்ளிவையுங்கள். வியட்நாம் நீளமான நாடு. ஹனோய்க்கு ஒரு பருவம், ஹோ சி மின் நகரத்துக்கு ஒரு பருவம், நடுவில் இருக்கும் ஹோய் ஆனுக்கு வேறொரு பருவம். நம் நாகப்பட்டினம் பக்கம் மழை எப்போது வருகிறது என்று யோசித்தால் இது சட்டென்று புரியும். தென்மேற்குப் பருவமழையை மேற்குத் தொடர்ச்சி மலை தடுத்துவிடுவதால் நமக்கு ஐப்பசி, கார்த்திகையில்தான் மழை. அங்கேயும் அதே கதைதான். லாவோஸ் எல்லையில் நிற்கும் டுரோங் சோன் மலைத்தொடர் தென்மேற்கு மழையைத் தன் மேற்குச் சரிவிலேயே பிடித்துக்கொள்கிறது. மலையைத் தாண்டி இறங்கும் காற்று ஈரத்தை இழந்து, சூடேறி, கடற்கரைக்கு வருகிறது. ஊர்க்காரர்கள் அதை லாவோஸ் காற்று என்பார்கள். மழை செப்டம்பரில் தொடங்கி டிசம்பர் வரை இழுக்கும். அக்டோபர், நவம்பரில் து போன் ஆறு பெருகினால் பழைய நகரத் தெருக்களில் படகு ஓடும். டிசம்பரில் வெள்ளம் வடிந்திருந்தாலும் நாள் கணக்கில் தூறிக்கொண்டிருக்கும். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரைதான் மிக நல்ல காலம். அது உங்களுக்கு வாய்க்காது என்றால், மே கடைசியில் தாராளமாகப் போங்கள்.

இனி உங்கள் கணவர் சொன்னது. கோடை மாதங்களில் அங்கே பகல் வெப்பம் சாதாரணமாக 34, 35 டிகிரி இருக்கும். லாவோஸ் காற்று அடிக்கும் நாட்களில் 38ஐயும் தாண்டும். இரவில் 25, 26க்குக் கீழே இறங்குவது அரிது. மற்ற நாட்களில் கடலோரப் புழுக்கம். வியர்வை காயாது, சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். எண்ணிக்கையில் பார்த்தால் நமக்குப் புதிதல்லதான். ஆனால் ஒன்றைக் கேட்கிறேன். கும்பகோணத்தில் மே மாதம் மதியம் ஒரு மணிக்கு மாமியாரை அழைத்துக்கொண்டு மூன்று மணி நேரம் கடைத்தெருவில் நடப்பீர்களா? மாட்டீர்கள். சுற்றுலா போனால் மட்டும் அதைச் செய்கிறோம். ஹோய் ஆனில் மயங்கி விழும் வெளியூர்க்காரர்களை நான் பார்த்தது எல்லாம் பதினொரு மணிக்கும் மூன்று மணிக்கும் நடுவில்தான். அந்த நேரத்தில் உள்ளூர்க்காரர் ஒருவரும் தெருவில் இருக்க மாட்டார். சாப்பிட்டுவிட்டு, கதவைச் சாத்திவிட்டு, படுத்துத் தூங்குவார்கள். கடைக்காரர்கள் கடைக்குள்ளேயே மடக்குக் கட்டிலைப் போட்டுக்கொள்வார்கள்.

நீங்களும் அவர்கள் கடிகாரத்தையே பின்பற்றுங்கள். காலை 5 மணிக்குத் தெருவில் இருக்க வேண்டும். சூரியன் ஐந்தேகாலுக்கெல்லாம் எழுந்துவிடும். அந்த நேரத்தில் டிரான் ஃபூ தெருவில் மஞ்சள் சுவர்களும், பாசி படிந்த ஓடுகளும், வாசல் பெருக்கும் பாட்டிமார்களும்தான். முந்தைய இரவு தோளோடு தோள் இடித்துக்கொண்டு நகர்ந்த அதே தெருவா என்று உங்கள் மகள் கேட்பாள். ஆற்றோரச் சந்தையில் மீன் கூடைகள் இறங்கிக்கொண்டிருக்கும். ஜப்பானியப் பாலத்தில் நின்று நிதானமாகப் பார்க்கலாம். 1593இல் கட்டத் தொடங்கிய கூரைப் பாலம் அது. ஒரு முனையில் நாய்ச் சிலைகள், மறு முனையில் குரங்குச் சிலைகள். நீண்ட பழுதுபார்ப்புக்குப் பிறகு 2024 ஆகஸ்டில் மறுபடி திறந்தார்கள். பையில் வியட்நாமின் 20,000 டாங் நோட்டு இருந்தால் எடுத்துப் பாருங்கள், அதில் இருப்பது இந்தப் பாலம்தான்.

ஒரு சிக்கலும் உண்டு, யாரும் சொல்ல மாட்டார்கள். வியட்நாம் நேரம் நமக்கு ஒன்றரை மணி நேரம் முன்னால். அங்கே காலை ஐந்து என்பது உங்கள் உடம்புக்கு விடிகாலை மூன்றரை. முதல் நாள் கட்டாயப்படுத்தி எழுப்பாதீர்கள். அன்று மதியம் நன்றாகத் தூங்கி, இரவு ஒன்பதுக்கே படுத்துவிட்டால், மறுநாள் தானாக விழிப்பு வரும்.

எட்டரை, ஒன்பதுக்குள் அறைக்குத் திரும்பிக் குளித்துவிடுங்கள். பதினொன்று வரை நிழலில் முடியும் வேலை ஏதாவது ஒன்று. பிறகு சாப்பாடு, தூக்கம். மாலை நாலரைக்கு மேல் ஆன் பாங் கடற்கரை. பழைய நகரத்திலிருந்து நாலைந்து கிலோமீட்டர்தான். உள்ளூர்க் குடும்பங்கள் பாட்டி, பேரக்குழந்தை சகிதம் கடலில் இறங்குவது இந்த நேரத்தில்தான். இருட்டியதும் தாள், பட்டு விளக்குகளைப் பார்க்க ஊருக்குள் வாருங்கள்.

மாமியாரைப் பற்றி இரண்டு வார்த்தை. இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுபவர் என்றால், அதில் சிறுநீரை அதிகம் பிரிக்கும் வகை இருக்கிறதா, இந்த வெயிலில் எப்படிச் சாப்பிடுவது என்று கிளம்பும் முன் டாக்டரிடம் கேளுங்கள். ஓஆர்எஸ் பாக்கெட் நம் ஊரிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். ஹோட்டல் அறைக்கு ஏசி உண்டா என்பதோடு, லிஃப்ட் உண்டா என்றும் கேளுங்கள். மதியம் திரும்பி வந்து மூன்று மாடி ஏற முடியாது. நடக்க முடியாத தூரத்துக்கு மூன்று சக்கர சைக்கிள் ரிக்‌ஷா கிடைக்கும், ஏறும் முன்பே விலை பேசிவிடுங்கள். யாருக்காவது பேச்சு குழறினாலோ, உடம்பு கொதித்துக் குழப்பம் வந்தாலோ, அது வெறும் களைப்பு அல்ல. ஈரத்துணி போட்டு, விசிறிக்கொண்டே 115க்குப் போன் செய்யுங்கள். அங்கே ஆம்புலன்ஸ் எண் அதுதான்.

புதுச்சேரி வாசகர்: மதிய நேரத்தை அறையில் கழிக்கவா இவ்வளவு செலவு செய்து போவது? உச்சிவெயிலில் பார்க்க அங்கே ஒன்றுமே இல்லையா?

இருக்கிறது ஐயா, நீங்கள் கேட்டதில் எனக்கு மகிழ்ச்சி. ஹோய் ஆனின் உண்மையான அழகு தெருவில் இல்லை, வீட்டுக்குள் இருக்கிறது. அதைக் காலையில் பத்து, பதினொரு மணி வாக்கில் பார்த்தால்தான் அந்த வீடுகளை ஏன் அப்படிக் கட்டினார்கள் என்று உடம்புக்கே தெரியும்.

முகப்பு குறுகல், உள்ளே போகப் போக நீண்டுகொண்டே இருக்கும். நடுவில் வானம் பார்த்த முற்றம். மேலே ஒன்றைக் கவிழ்த்தும் ஒன்றை மல்லாத்தியும் அடுக்கிய ஓடுகள். சுவரைவிட மரத் தூண்கள்தாம் பாரத்தைத் தாங்குகின்றன. நுயென் தாய் ஹோக் தெருவில் உள்ள டான் கீ வீட்டுக்குப் போங்கள். 18ஆம் நூற்றாண்டில் கட்டிய வணிகர் வீடு, ஏழு தலைமுறையாக அதே குடும்பத்தின் கையில் இருக்கிறது. முன்வாசல் தெருவைப் பார்க்கும், பின்வாசல் ஆற்றைப் பார்க்கும். ஆற்றில் வந்த சரக்கைப் பின்னால் இறக்கி, முன்னால் விற்றிருக்கிறார்கள். அந்த இரண்டு வாசலுக்கும் இடையே முற்றத்தைத் தொட்டுக்கொண்டு காற்று ஓடும். தெருவில் தலை சுற்றும் வெயில் அடிக்கும்போது, அங்கே மர பெஞ்சில் உட்கார்ந்தால் கழுத்து வியர்வை மெல்ல ஆறும். கொஞ்ச நேரம் எழுந்திருக்காதீர்கள். வழிகாட்டிகள் பத்து நிமிடத்தில் கிளப்பப் பார்ப்பார்கள், அவர்களை அனுப்பிவிடுங்கள்.

அதே வீட்டுச் சுவரில் வெள்ளம் ஏறிய உயரத்தை வருடம் போட்டுக் குறித்திருக்கிறார்கள். 1964இன் கோடு உங்கள் தலைக்கு மேலே இருக்கும். ஃபுங் ஹுங் என்ற இன்னொரு பழைய வீட்டில் மாடித் தளத்தில் ஒரு சதுரத் திறப்பு உண்டு. வெள்ளம் வந்தால் சாமான்களைக் கயிறு கட்டி அதன் வழியாக மேலே ஏற்றிவிடுவார்கள். ஒரே வீட்டில் வெயிலுக்கும் வழி வைத்து, வெள்ளத்துக்கும் வழி வைத்திருக்கிறார்கள். வருடா வருடம் ஆற்றோடு பழகிய மனிதர்கள் கட்டிய வீடு என்பது இதுதான்.

சீன வணிகர்கள் கட்டிய சங்க மண்டபங்களும் இந்த நேரத்துக்கு நல்ல இடங்கள். ஃபூக் கியென் மண்டபத்தில் கடலோடிகளின் தெய்வமான தியென் ஹாவ் இருக்கிறாள். கூரையிலிருந்து கூம்பு கூம்பாகச் சுருள் ஊதுவத்திகள் தொங்கும். ஒவ்வொன்றிலும் வேண்டிக்கொண்ட குடும்பத்தின் சீட்டு. வாரக்கணக்கில் அணையாமல் எரியும். வெளிநாட்டவருக்குப் பழைய நகரச் சீட்டு 1,20,000 டாங், நம் பணத்தில் சுமார் 400 ரூபாய். அதில் பழைய வீடு, மண்டபம், அருங்காட்சியகம் எனச் சிலவற்றைத் தேர்ந்தெடுத்துப் போகலாம்.

ஊர் எப்படி இவ்வளவு முழுசாகத் தப்பியது என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் புதுச்சேரியில் பழைய வீடுகளுக்கு நடுவே வாழ்பவர் தெரிந்துகொள்ள வேண்டும். 16, 17ஆம் நூற்றாண்டுகளில் ஜப்பானியர், சீனர், போர்ச்சுகீசியர், டச்சுக்காரர் எல்லோரும் பட்டுக்கும் பீங்கானுக்கும் மிளகுக்கும் வந்து தங்கிய துறைமுகம் இது. ஐரோப்பியர்கள் ஃபைஃபோ என்றார்கள். பிறகு ஆற்று முகத்துவாரத்தில் மணல் மேவியது, பெரிய கப்பல்கள் டா நாங்குக்குப் போய்விட்டன. வியாபாரம் நின்றதால் பழையதை இடித்துப் புதிதாகக் கட்ட யாருக்கும் தேவை வரவில்லை. 1980களில் காசிமியெஷ் க்வியாட்கோவ்ஸ்கி என்ற போலந்துக் கட்டடக் கலைஞர் வந்தார். ஊரின் மதிப்பை அதிகாரிகளிடம் எடுத்துச் சொல்லி, இடிக்காமல் காக்க வேண்டும் என்று விடாமல் பேசினார். 1997இல் ஹுவே நகரத்தில் வேலையில் இருக்கும்போதே இறந்துபோனார். இரண்டு வருடம் கழித்து, 1999இல், யுனெஸ்கோ ஹோய் ஆனை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. டிரான் ஃபூ தெருவில் அவருக்குச் சிலை உண்டு. பெரும்பாலானவர்கள் அதைக் கடந்து விளக்குக் கடைக்குப் போய்விடுகிறார்கள். நீங்கள் ஒரு நிமிடம் நின்றுவிட்டுப் போங்கள்.

மதுரை வாசகர் (ஓய்வுபெற்ற ஆசிரியர்): பக்கத்தில் சிவன் கோயில்கள் இருப்பதாகப் படித்தேன். எனக்கு வயது 70. வெயில் காலத்தில் போகலாமா? பார்க்கும் நிலையில் இருக்கின்றனவா?

மீ சோன் பற்றிக் கேட்கிறீர்கள். ஹோய் ஆனிலிருந்து மேற்கே சுமார் 40 கிலோமீட்டர், காரில் ஒரு மணி நேரம். முன்பு மத்திய வியட்நாமை ஆண்ட சாம் இனத்துச் சம்பா அரசர்களின் கோயில் பள்ளத்தாக்கு அது. 4ஆம் நூற்றாண்டின் கடைசியில் பத்ரவர்மன் என்ற அரசர் பத்ரேசுவரர் என்ற பெயரில் சிவனுக்கு அங்கே கோயில் எழுப்பினார். அது எரிந்துபோக, பின்னால் சம்புவர்மன் செங்கல்லில் புதுப்பித்தார். சுவாமியின் பெயர் சம்புபத்ரேசுவரர் ஆயிற்று. அரசர் தம் பெயரைச் சுவாமி பெயரோடு சேர்க்கும் அந்த வழக்கம் ராஜராஜேசுவரத்தைப் பார்த்த நமக்குப் புரியாததா? 13ஆம் நூற்றாண்டு வரை அங்கே கட்டிக்கொண்டே இருந்தார்கள்.

எழுபதுக்கு மேற்பட்ட கோயில்கள் இருந்த இடம். பார்க்கும் நிலையைப் பொறுத்தவரை, மனதைத் தயார்செய்துகொண்டு போங்கள். 1969 ஆகஸ்டில் அமெரிக்க விமானங்கள் குண்டு வீசின. ஏ1 என்று குறிக்கப்படும் மிக உயரமான கோபுரம், சுமார் 24 மீட்டர், அதில் தரைமட்டமானது. புல் முளைத்த குண்டுக் குழிகளை இன்றும் பார்க்கலாம். பி, சி, டி என்று எழுத்திட்டுப் பிரித்த கோயில் தொகுதிகள் ஓரளவு நன்றாக நிற்கின்றன. ஏ, எச், கே தொகுதிகளில் நம் இந்தியத் தொல்லியல் துறையினர் வந்து சில ஆண்டுகள் வேலை செய்தார்கள். 2020 மே மாதம் அவர்கள் தோண்டியபோது ஒரே மணற்கல்லில் செதுக்கிய 9ஆம் நூற்றாண்டுச் சிவலிங்கம் வெளிப்பட்டது. பூசை இல்லை, மணி இல்லை. ஆனால் ஆவுடையாரைப் பார்த்தவுடன் உங்கள் கை தானாகக் குவியும். எனக்குக் குவிந்தது.

வெயில் விஷயத்தில் மீ சோன் ஹோய் ஆனைவிடக் கடுமை. சுற்றிலும் மலை, காற்று வராது. செங்கல் வாங்கிய சூட்டைத் திருப்பித் தரும். சுற்றுலாப் பேருந்துகள் எட்டு, ஒன்பது மணிக்குத்தான் வந்து சேரும், அவற்றில் போகாதீர்கள். தனி கார் பேசி, காலை 5 மணிக்கு ஹோய் ஆனிலிருந்து கிளம்புங்கள். ஆறு மணிக்குக் கதவு திறக்கும். வாசலிலிருந்து கோயில்களுக்கு அருகே வரை மின்சார வண்டி விடுகிறார்கள். இரண்டு மணி நேரம் பொறுமையாகப் பார்த்துவிட்டு எட்டரைக்கு வெளியே வந்துவிடலாம். எழுபது வயதில் அதற்கு மேல் அங்கே நிற்க வேண்டாம் ஐயா. மீதியைப் பார்க்க டா நாங்கில் சாம் சிற்ப அருங்காட்சியகம் இருக்கிறது, 1919இல் திறந்தது. மீ சோன் சிற்பங்கள் பல அங்கேதான் பத்திரமாக இருக்கின்றன. விமானம் ஏறும் நாளில் வைத்துக்கொள்ளுங்கள்.

சென்னை வாசகி: நாங்கள் சைவம். வெயிலில் பட்டினி கிடக்க நேருமா?

நேராது. சாய் என்று பலகை போட்ட கடைகள் எல்லாம் சைவம். புத்த மதத்தவர் பலர் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி அசைவம் தொட மாட்டார்கள், அந்த நாட்களில் சாதாரணக் கடையிலும் சைவம் கிடைக்கும். மற்ற கடைகளில் காய்கறிப் பொரியல் என்று கேட்டாலும் மீன் சாறு ஊற்றிவிடுவார்கள். அவர்களுக்கு அது உப்பு மாதிரி, அசைவமாகத் தோன்றாது. முட்டையும் வேண்டாம் என்றால் தனியாகச் சொல்லுங்கள். ஊரின் பெயர்பெற்ற காவ் லாவ் நூடுல்ஸை டோஃபு போட்டும் தருகிறார்கள். டிரா கே கிராமத்தின் புதினா, துளசி வகைக் கீரைகள் அதன் மேல் ஒரு கை நிறைய இருக்கும். குடிப்பதற்குக் கரும்புச் சாறும் இளநீரும் தெருவுக்குத் தெரு உண்டு. குழாய்த் தண்ணீர் மட்டும் வேண்டாம்.

கோயம்புத்தூர் வாசகி: அங்கே ஒரே நாளில் துணி தைத்துத் தருவார்களாமே, நம்பித் தைக்கலாமா? போகும்போது என்ன உடுத்துவது?

இது என் தொழில், அதனால் கொஞ்சம் உரிமையோடு சொல்கிறேன். போகும்போது பனியன் துணி டி-ஷர்ட்டுகளை எடுத்துப் போகாதீர்கள். திருப்பூர்க்காரி நானே சொல்கிறேன். பின்னல் துணி வியர்வையைக் குடித்து உடம்போடு ஒட்டும். தளர்வாகத் தைத்த மெல்லிய நெசவுத் துணி, நம் கைத்தறிப் பருத்தி என்றால் இன்னும் நல்லது, உடம்புக்கும் துணிக்கும் இடையே காற்றை விடும். கை முழுக்க மூடியிருந்தால் வெயில் சுடாது. அங்கே பெண்கள் ஸ்கூட்டரில் போகும்போது தலை முதல் விரல் வரை பருத்தியால் மூடிக்கொள்வதைப் பார்ப்பீர்கள். தொப்பிக்குப் பனையோலைக் கூம்புத் தொப்பி அங்கேயே வாங்குங்கள். தலைக்கு மேல் காற்றுக்கு இடம் விட்டு நிற்கும், வேறு எந்தத் தொப்பியும் அதற்கு ஈடாகாது.

தைப்பதைப் பொறுத்தவரை, கைவேலை அருமை, ஆனால் அவசரம் கூடாது. ஒரே நாளில் வேண்டும் என்று கேட்டால் ஒரே நாள் தையல்தான் கிடைக்கும். போன அன்றே அளவு கொடுங்கள். மறுநாள் மாலை ஒரு முறை போட்டுப் பாருங்கள், திருத்தியபின் இன்னொரு முறை. பக்கத் தையலில் ஓரம் தாராளமாக விடச் சொல்லுங்கள், பின்னால் பிரித்துக்கொள்ளலாம். பட்டு, லினன் என்று சொல்லி விற்பதில் பாலியெஸ்டர் கலப்பு நிறைய. ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவிக் கொளுத்திக் காட்டச் சொல்லுங்கள். லினனும் பருத்தியும் காகிதம் எரிந்த வாசத்தோடு சாம்பலாகும், பட்டு முடி கருகிய வாசம் தரும், பாலியெஸ்டர் உருகிக் கெட்டியான மணியாகும். சேலை ரவிக்கை வேண்டுமானால், உங்களுக்குக் கச்சிதமாக இருக்கும் பழைய ரவிக்கை ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள், அப்படியே தைத்துத் தருவார்கள்.

திருச்சி வாசகர்: விசா எப்படி? விளக்குத் திருவிழா எந்தத் தேதி?

இந்தியர்களுக்கு இ-விசா உண்டு. வியட்நாம் அரசின் சொந்த இணையதளத்தில் விண்ணப்பியுங்கள், ஒருமுறை நுழைய 25 டாலர். இடையில் வேறு யாருக்கும் பணம் தர வேண்டாம். விளக்குத் திருவிழா அவர்களுடைய சந்திர மாதத்தின் 14ஆம் நாள் இரவு, மாதா மாதம் வரும். நம் நாட்காட்டியில் பௌர்ணமியைப் பாருங்கள், அதை ஒட்டியே இருக்கும். சரியான தேதியை ஹோட்டலில் கேட்டு உறுதி செய்யுங்கள். பழைய நகரத்தில் மின் விளக்கைக் குறைத்துவிட்டுத் தாள், பட்டு விளக்குகளை ஏற்றுவார்கள். கூட்டமும் புழுக்கமும் அதிகம் என்பதால், குழந்தையோடு போகிறவர்கள் ஏழரைக்குள் பார்த்துவிட்டுத் திரும்புங்கள். ஹோ சி மின் நகரம் வழியாகப் போகிறீர்கள் என்றால், அங்கே நம்மவர்கள் கட்டிய மாரியம்மன் கோயிலும் நகரத்தார் கட்டிய தெண்டாயுதபாணி கோயிலும் இருக்கின்றன. அரை நாள் ஒதுக்குங்கள்.

தூத்துக்குடி வாசகர்: கோடையில் போவதால் ஏதாவது லாபம் உண்டா?

கடல்தான் லாபம். ஹோய் ஆன் கரைக்கு எதிரே உள்ள கூ லாவ் சாம் தீவுகளுக்குப் படகு ஒழுங்காகப் போவது மார்ச் முதல் ஆகஸ்டு வரைதான். மழைக்காலத்தில் அலை ஏறினால் நிறுத்திவிடுவார்கள். குவா டாய் துறையிலிருந்து விசைப்படகில் 20 நிமிடம் போல ஆகும். 2009இல் யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்த இடம். தெளிந்த தண்ணீரில் முகமூடி போட்டு மிதந்தால் பவளப் பாறைகள் தெரியும். மன்னார் வளைகுடா பார்த்த உங்களுக்கு ஒப்பிட்டுப் பார்க்கவும் ஆசையாக இருக்கும். முதல் படகில் போய்விடுங்கள். முதுகு வெந்துவிடும், மிதக்கும்போதும் சட்டையைக் கழற்ற வேண்டாம். தீவில் பிளாஸ்டிக் பைக்குத் தடை இருக்கிறது, துணிப்பை எடுத்துப் போங்கள்.